நாலு சாட்சியும் ஒரு இருமலும்

ரொறன்ரோவிலோ லண்டனிலோ கலியாணப் பேச்சொன்று தொடங்கி, மற்றப் பகுதி ஒஸ்லோ ஆட்கள் என்று தெரிந்துவிட்டால், யாராவது என்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிடுவார்கள். "ஒஸ்லோவிலை, புருசெத்திலை ஒரு அக்கா இருக்கிறா. அவவுக்குத் தெரியாத சனம் இல்லை" என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம். அது முழுக்க உண்மை என்று நான் சொல்லமாட்டேன். மறுக்கவும் மாட்டேன்.

இப்படி எடுக்கிறவர்கள் நேரே விசயத்துக்கு வருவதில்லை. முதலில் ஒஸ்லோவில் பனி எப்படி என்பார்கள். பிறகு முருங்கைக்காய் விலை, அதற்குப் பிறகு யாருடையவோ முழங்கால் சத்திரசிகிச்சை. அதன்பின் ஒரு பெருமூச்சு. "அது கிடக்கட்டும் அக்கா, இன்ன ஆக்களை உங்களுக்குத் தெரியுமோ?" அந்த 'அது கிடக்கட்டும்' எவ்வளவு பிந்தி வருகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சம்பந்தத்தில் அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

என்னுடைய பதிலுக்கும் ஒரு முறை இருந்தது. பிள்ளையைப் பற்றிக் கேட்டவுடன் "நல்ல பிள்ளை" என்று சொன்னால், நல்ல பிள்ளை. கொஞ்சம் இருமிவிட்டு "நல்ல பிள்ளை" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி மெல்லக் கழன்றுவிடுவார். நான் ஒருவரைப் பற்றியும் ஒரு கூடாத சொல் சொன்னதில்லை. இருமல் எல்லோருக்கும் வருகிறதுதானே. இந்த நாட்டுக் குளிருக்கு யார் என்ன செய்வது!

இந்த உத்தியோகத்தில் நான் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் என் வீட்டுக்காரரின் முதுகு கைவிட்டது. முப்பது வருசத்துக்கு மேல் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். வேலையை விட்டு வீட்டில் இருந்தவுடன் என் சமையல் சரக்குப் போத்தல்களை உயரப்படி அடுக்கத் தொடங்கினார். மிளகாய்த்தூளை எடுக்கப் போனால் கையில் சோம்பு வரும். "வெளியிலை போய் நாலு மனிசரைப் பாருங்கோ" என்று துரத்தினேன். போனவர் எங்கள் பகுதி நூலகத்தில் புதன்கிழமை மாலைகளில் நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்தார். சமயங்களும் சட்டங்களும் என்று தலைப்பு. இந்துச் சட்டம்தான் முதலில் வரும், இருந்து தலையாட்டிவிட்டு வரலாம், கோப்பியும் சும்மா கிடைக்கும் என்று நினைத்துப் போனவர். வகுப்பு இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தில் தொடங்கியது. குளிர்காலம் முடியும்வரை அதை விட்டு அசையவே இல்லை.

படிப்பித்தது இங்கே பிறந்த ஒரு பாகிஸ்தானியப் பெண். சட்டம் படித்தவ. முதல் நாள் வகுப்புக்குப் போகும்போது என் மனிசன், எங்கள் சனம் வழமையாகச் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டு போனார். "நாலு சாட்சி வேணுமாம், இதெல்லாம் ஒரு சட்டமோ" என்று. திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கதைக்கத் தொடங்கினார்.

"இஞ்சாரும், நாங்கள் நினைச்சது பிழை. கலியாணத்துக்கு வெளியிலை ரெண்டு பேருக்குத் தொடர்பு எண்டு குற்றம் சாட்ட வேணுமெண்டா, நாலு பேர் தங்கடை கண்ணாலை கண்டிருக்க வேணும். ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்கை போனதைக் கண்டது போதாது. கதவு பூட்டினதைக் கண்டதும் போதாது. நடக்கிறதையே காண வேணும். நாலு பேரும் ஒரே மாதிரிச் சொல்லவும் வேணும். அதுவும் நேர்மையான ஆக்கள் எண்டு பேர் எடுத்த ஆம்பிளையள்."

"ஆரப்பா நாலு பேரைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு அந்த வேலை பாக்கிறது?"

"அதுதான் விசயம்! ஒருத்தரும் பாக்காயினம். அப்ப ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. ஆனா மூண்டு பேர் மட்டும் வந்து, கண்டனாங்கள் எண்டு சொன்னா என்ன நடக்கும் தெரியுமோ? அந்த மூண்டு பேருக்கும் எண்பது கசையடி."

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தண்டனைகள் பிடிக்கவில்லை. கல்லால் எறிந்து கொல்வதைப் பற்றி அவர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்டனை அவ்வளவு கொடியது என்பதால்தான் நிரூபிக்கவே முடியாதபடி அவ்வளவு உயரத்தில் வாசலை வைத்தார்கள் என்று அந்தப் பெண் விளக்கினாவாம். சந்தேகம் இருந்தால் தண்டனை இல்லையாம். தானாக வந்து ஒப்புக்கொண்டவன்கூடப் பிறகு இல்லையென்று மாற்றிச் சொன்னால், விட்டுவிட வேண்டுமாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நீதி செத்தது. சமையலறையில் முறுக்குப் போட்டு வைத்த தகர ரின் வெறுமையாகக் கிடந்தது. ஆர் திண்டது என்று கேட்டேன். "களவுக்கு ரெண்டு சாட்சி போதும். கொண்டு வாரும்" என்றார். அவர் உடுத்தியிருந்த சாரத்தில் முறுக்குத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் காட்டினேன். அது சாட்சி இல்லையாம், ஊகமாம், சந்தேகத்தின் பலன் அவருக்காம். கட்டின நாளிலிருந்து நான் தனி ஒருத்தியாக நின்று நடத்திய நீதிமன்றம், ஒரு புதன்கிழமை வகுப்போடு இழுத்து மூடப்பட்டது.

அந்த மாசிமாதத்தில்தான் ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து ஒரு அம்மாவின் அழைப்பு வந்தது. அவவின் மகன் அங்கே எண்ணெய்க் கொம்பனியொன்றில் எஞ்சினியர். பெண் எங்களுக்கு முன் கட்டிடத்தில், மூன்றாம் மாடியில் இருக்கும் பிள்ளை. வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறாள். பிள்ளைகள் இருவரும் முன்பே விரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் இப்போதுதான் முறைப்படி பேசத் தொடங்கியிருக்கிறார்கள். முறைப்படி என்றால் விசாரிக்கத்தானே வேண்டும். பனி முடிந்து, முருங்கைக்காய் முடிந்து, முழங்காலும் முடிந்தபிறகு அந்த அம்மா கேட்டா.

"அது கிடக்கட்டும் அக்கா. அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதும் கதை கிதை இருக்கோ?"

அவளைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவுடன் பதில் சொன்னால் என் உத்தியோகத்துக்கு என்ன மதிப்பு? "ஒரு கிழமை தாங்கோ, விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

எங்கள் தமிழ்க் கடைக்காரியிடம் கேட்டேன். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "ஏதோ கதை இருக்குத்தான் அக்கா" என்றாள். வாங்க வந்த மீதியை மறந்து வீட்டுக்கு வந்தேன். ஒஸ்லோவின் தெற்கே, மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் என் சிநேகிதிக்கு எடுத்தேன். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "விடியக்காலமை ஆரோ பெடியன்ரை வீட்டிலை இருந்து வந்தவவாம்." கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, நடன வகுப்பு நடத்தும் பெண் தானாகவே என் காதுக்குள் வந்து சொன்னாள். "ஒரு நாள் இல்லையாம், எப்பவும் அப்பிடித்தானாம்."

மூன்று பேர் மூன்று இடத்தில் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? பிள்ளையின் தாயை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது. துப்புரவு வேலை செய்து தனியாக வளர்த்தவ. மகளின் கலியாணத்துக்கென்று ஒரு சேலையை இரண்டு வருசமாக அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. நான் ஒரு தரம் இருமினால் அந்தச் சேலை அலுமாரியிலேயே கிடக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்திருந்தும் என் தொண்டை தயாராகிக்கொண்டுதான் இருந்தது.

மனிசனிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். இருவரும் ஒன்றாக இருந்த இத்தனை வருசத்தில் நான் சொன்ன ஒன்றுக்காக அவர் தொலைக்காட்சியை நிறுத்தியது அதுதான் முதல்தரம்.

"ஆர் கண்டது?"

"மூண்டு பேர் சொல்லினம் எண்டுறன்."

"சொன்னது மூண்டு பேர். கண்டது ஆர்?"

"நீங்கள் உங்கடை வகுப்பை வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ."

"நாங்கள் எந்த நேரமும் நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டு பயந்து சாகிறம். அவங்கள் அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, கண்டனியோ எண்டு கேட்டிருக்கிறாங்கள். எடும் போனை. ஒவ்வொருத்தரிட்டையும் கேளும்."

கோபத்தில்தான் எடுத்தேன். அவரை மூக்குடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நடன வகுப்புக்காரி, தான் காணவில்லை, மோர்டென்ஸ்ருட் அக்காதான் சொன்னவ என்றாள். 'எப்பவும்' என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒரு நாள் எண்டா ஆரக்கா கதைக்கப்போகினம்? எப்பவும் எண்டபடியால்தானே கதைக்கினம்" என்றாள். மோர்டென்ஸ்ருட்காரிக்கு எடுத்தேன். தானும் காணவில்லை, கடைக்காரிதான் கதை இருக்கு என்று சொன்னவள் என்றாள்.

"விடியக்காலமை வந்ததை ஆர் கண்டது?"

"அவ நேர்ஸ் எல்லே. இரவு வேலை முடிஞ்சு விடியத்தானே வாறவ. என்ரை மகளும் அதே ரயிலிலை பள்ளிக்கூடம் போறவள், கண்டிருக்கிறாள்."

"பெடியன்ரை வீடு?"

"விடிய வாறா எண்டா எங்கையோ இருந்துதானே வர வேணும், அக்கா."

என் மனிசன் சோபாவில் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தார். இனி மிஞ்சியது கடைக்காரி. அவளிடம் நேரில் போனேன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஸ்தவாங்கரிலை இருந்து ஒரு அம்மா எடுத்தவ. அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதும் கதை இருக்கோ எண்டு கேட்டவ. ஒண்டும் இல்லாமலே கேக்கப்போறா?"

கடையிலிருந்து வீடு வரும்வரைக்கும் பனிச் சேற்றுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கதை இருக்கோ என்று கேட்டதுதான் கதை. அந்த அம்மா கேட்ட கேள்வி இங்கே மூன்று வீட்டில் படுத்தெழும்பி, கொழுத்து, என் வாயால் திரும்ப அவவின் காதுக்கே போக இருந்தது. நாங்கள் இப்படித்தான் இத்தனை வருசமாக விசாரித்திருக்கிறோம்! சிரிப்பு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. இதற்கு முன் நான் இருமிய இருமல்களுக்கெல்லாம் யார் கண்ட சாட்சி என்ற யோசனை வந்தது. அதை அன்றைக்குச் சமையலில் கரைத்துவிட்டேன்.

"உங்கள் எல்லாருக்கும் எண்பது அடி" என்றார் மனிசன், மிகவும் சந்தோசமாக. "அதோடை விடமாட்டாங்கள். பிறகு உங்கடை சாட்சி எங்கையும் எடுபடாது. மனம் திருந்தினா எடுக்கலாமோ எண்டதிலை சட்டம் தெரிஞ்ச பெரியாக்களுக்கை இன்னும் இழுபறியாம்." எண்பது அடியை எங்கள் பெண்கள் எண்ணெய் தடவிச் சமாளித்துவிடுவார்கள். இனி ஒருவரும் தங்கள் கதையைக் கேட்கமாட்டார்கள் என்றால் கடைக்காரி கடையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். நான் அவளுக்கு முன்னமே படுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அழைப்புமணி அடித்தது. முன் கட்டிடத்துப் பிள்ளைதான். தாய்க்கு எப்படியோ விசயம் போய்விட்டிருந்தது, அழுதிருக்கிறா. பிள்ளை அழவில்லை. குளிரில் சிவந்த மூக்கோடு வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். என் மனிசனுக்கு அவளைக் கண்டதும் உற்சாகம் தாங்கவில்லை. தான் வாதாடி வென்ற வழக்கல்லவா! நாலு சாட்சி, எண்பது அடி, கடைக்காரி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அங்கிள், ஒருத்தன் ஒரு பெட்டையைப் பலவந்தம் பண்ணினா? அதுக்கும் நாலு பேர் கண்டிருக்க வேணுமோ?"

அவர் கையில் இருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். "பலவந்தத்துக்கு ஆளானவவிலை குற்றம் இல்லை எண்டுதான் பழைய சட்டகாரரும் சொன்னவையாம். வைத்தியற்றை சாட்சி, வேறை ஆதாரம் எல்லாம் எடுக்கலாம் எண்டு இப்ப கனபேர் சொல்லுகினமாம். ஆனா சில நாடுகளிலை விரும்பிப் பழகினதையும் பலவந்தத்தையும் ஒண்டாப் போட்டுக் குழப்பினவையாம். அவனுக்கு நாலு சாட்சி இல்லை, விட்டுடுவாங்கள். முறைப்பாடு குடுக்கப் போனவ தானே ஒப்புக்கொண்ட மாதிரி எண்டு, அவவைப் பிடிச்சு ஜெயிலிலை போட்டவையாம்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"இஞ்சை ஜெயிலிலை போடேல்லை" என்றாள் அவள். "பொலிஸ் நல்லாத்தான் கதைச்சவை. கோப்பி தந்தவை. பிறகு சாக்கை ஹென்லாக்ட் பண்ணிட்டினம்."

வழக்கை மூடிவிட்டார்கள் என்பதற்கு இந்த நாட்டில் சொல்லும் சொல் அது. எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது. கூடப் படித்தவன். அவள் அவ்வளவுதான் சொன்னாள், நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. "அறையிலை ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள், அன்ரி. அவன் இல்லை எண்டான். அவையள் என்னை நம்பேல்லை எண்டு சொல்லேல்லை. நிரூபிக்க ஏலாது எண்டுதான் சொன்னவை." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். "என்னைப் பற்றிக் கதை இருக்கோ எண்டு கேட்டா, இருக்கு. ஆனா அவையள் கதைக்கிற கதை இல்லை. இது என்ரை கதையும் இல்லை. அவன்ரை கதை."

எனக்கு ஆத்திரம் வந்தது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் அவனில், பிறகு கடைக்காரியில், பிறகு 'கதை கிதை' என்று ஸ்தவாங்கரில் இருந்து கேட்ட அந்த வாயில், எல்லாவற்றிற்கும் மேலாக என் தொண்டையில். ஒருவரையும் அநியாயமாகத் தண்டிக்கக்கூடாது என்று வைத்த உயரமான வாசலுக்கு வெளியே இந்தப் பிள்ளை தனியாக நின்றிருக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொன்னனீர்? என்ரை வாயைப் பற்றித் தெரியும்தானே?"

"மூண்டு பேரையும் திருப்பி எடுத்து ஆர் கண்டது எண்டு கேட்டனீங்களாம். அம்மா சொன்னவ. இவ்வளவு நாளும் அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை."

மனிசன் தன்னுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவருடையது என்று அவர் சொல்லவில்லை. முறுக்கு விசயத்தில் அவ்வளவு வாதாடின மனிசன்.

"அந்தப் பெடியனுக்குத் தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும். பழகத் தொடங்கின புதிசிலையே சொல்லிட்டன்."

"அவர் என்ன கேட்டவர்?"

அவள் யோசிக்கவே இல்லை. "தண்ணி வேணுமோ எண்டு கேட்டவர்."

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "ஸ்தவாங்கர் மாமிக்குச் சொல்லுறதோ விடுறதோ, அதை நான் பாக்கிறன் அன்ரி. எனக்குச் சொல்ல வேணும் போலை இருக்கேக்கை சொல்லுவன்." தலையாட்டினேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு அவள் படியால் இறங்கிப் போனாள்.

ஸ்தவாங்கர் அம்மா கிழமை முடிய ஒரு நாள் இருக்கும்போதே எடுத்துவிட்டா. இந்த முறை பனியும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை.

"விசாரிச்சனீங்களோ அக்கா?"

"விசாரிச்சனான். ஒரு கதை இருக்கு."

"ஐயோ." அவவின் மூச்சு எனக்குக் கேட்டது. "நான் நினைச்சனான்."

"நீங்கள் நினைச்சதுதான். நீங்கள் எங்கடை கடைக்காரியிட்டைக் கதை இருக்கோ எண்டு கேட்டனீங்கள். அவள் இருக்கு எண்டு மோர்டென்ஸ்ருட்டுக்குச் சொன்னவள். அங்கை இருந்து கோயிலுக்குப் போய் என்னட்டை வந்தது. ஒருத்தரும் ஒண்டையும் காணேல்லை. அந்தப் பிள்ளை இரவிரவா நோயாளியளைப் பாத்துப்போட்டு விடிய ரயிலிலை வாறா. அதைத்தான் கண்டவை."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவா என்று நினைத்தேன். அவ வைக்கவில்லை. தாழ்ந்த குரலில், அநேகமாகக் கெஞ்சுவதுபோல் கேட்டா.

"நீங்கள் அவவைச் சின்னனிலை இருந்து கண்ட ஆள். நீங்கள் சொன்னாக் காணும். பிள்ளை எப்பிடி, அக்கா?"

அந்த நேரம் பார்த்து எனக்கு உண்மையாகவே இருமல் வந்தது. மாசிக் குளிர், கிழமை முழுக்கக் கதைத்துத் தேய்ந்த தொண்டை. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மனிசன் எழும்பிக் குசினிக்குள் போனார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

முழுவதையும் குடித்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, "நல்ல பிள்ளை" என்றேன்.